பட்டங்கள் போதும், வரலாறு வேண்டும்

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் காமராசர் தலைமையில் சென்னை மாநில அமைச்சரவை அமைந்தபோது, அதில் முதலமைச்சரையும் சேர்த்து எண்மரே இருந்தனர். பக்தவத்சலம், சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், கக்கன் ஆகியோரின் பெயர்கள் இன்றும் மக்கள் நாவில் உள்ளன. அவர்தம் எளிமையும் ஆற்றலும் மேடைதோறும் எடுத்துரைக்கப்படுகின்றன. அந்த எண்மரில் பெண் ஒருவரும் இருந்தார். குளச்சல் தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய லூர்தம்மாள் சைமன் அவர். கடலை நம்பி வாழும் கத்தோலிக்க மீனவச் சமூகத்தில் பிறந்தவர். 1956 நவம்பர் முதல் நாளன்று குமரி மாவட்டம் தமிழ் மண்ணோடு இணைந்த பின் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலிலேயே வென்று, உள்ளாட்சித் துறை அமைச்சராக அமர்ந்தவர். குமரி மாவட்டத்துக்கு அப்பால் இந்தப் பெயரைச் சொன்னால், தெரியும் என்று தலையசைப்போர் எத்தனை பேர்?

தெரிந்தவர்களும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றனர். மீனவர் குலத்திலிருந்து வந்த முதல் பெண் அமைச்சர் என்பதே அந்த வரி. அதற்குப் பிறகு கைதட்டல். அதற்குப் பிறகு மௌனம். அவர் அத்துறையை நடத்திய காலத்தில்தான் 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிச் சட்டம் பிறந்தது. பழைய ஜில்லா போர்டுகள் மறைந்து, ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்ற இரு நிலை அமைப்பு எழுந்தது. இன்றும் கிராமத்துச் சாலைக்கும் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் மக்கள் ஏறி இறங்கும் ஒன்றிய அலுவலகத்தின் வேர் அங்கே இருக்கிறது. அந்தச் சட்டத்தில் அமைச்சரின் கருத்து எவ்வளவு, அதிகாரிகளின் கைவண்ணம் எவ்வளவு? ஜில்லா போர்டுகளில் செல்வாக்கோடு இருந்த பெரிய மனிதர்களை அவர் எவ்வாறு எதிர்கொண்டார்? கடற்கரை ஊரிலிருந்து கோட்டைக்குச் சென்ற ஒரு பெண்ணின் சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு இருந்தது? இவற்றுக்கெல்லாம் விடை சொல்ல வேண்டியது வாழ்க்கை வரலாறு என்னும் நூல். பாராட்டு வரிக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அதனால்தான் அது நம் சமூகத்துக்கு அத்துணை எளிதாக இருக்கிறது.

அவர் 1962-இல் பதவிக் காலத்தை முடித்தார், 2002-இல் மறைந்தார். இடையில் நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பது ஆண்டுகளில் தாளும் பேனாவுமாக அவர் வாயிற்படியை மிதித்தவர் எத்தனை பேர்? இந்தக் கேள்வியை ஒருவர் மேல் பழி சுமத்துவதற்காக நாம் எழுப்பவில்லை. ஒரு நோயை அடையாளம் காட்டுவதற்காக எழுப்புகிறோம். அரசியலிலும் போரிலும் முன்னோடியாக நின்ற பெண்களை நம் சமூகம் புறக்கணிக்கிறது என்று பலரும் சொல்கின்றனர். அது பாதி உண்மை. அவர்களைப் புகழ்ந்து புகழ்ந்தே மறந்துவிடுகிறது என்பதுதான் முழு உண்மை.

இரவல் பட்டம்

சிவகங்கை அரசி வேலு நாச்சியாரைத் தமிழகத்தின் ஜான்சி ராணி என்று அழைப்பதில் பலருக்குப் பெருமை. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையால் கொல்லப்பட்டபின், விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்து, ஐதர் அலியின் துணை பெற்று, 1780-இல் இழந்த நாட்டை மீட்டவர் அவர். 1796-இல் மறைந்தார். ஜான்சியின் லட்சுமிபாய் பிறந்ததோ 1828-இல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்திப் பிறந்தவரின் பெயரை முந்தி மறைந்தவருக்குச் சூட்டி அழகு பார்ப்பது என்ன நியாயம்? பாட்டிக்குப் பேத்தியின் பெயரை இட்டு அழைப்பது போன்றது இது.

கடலூர் அஞ்சலையம்மாளுக்கும் இதே கதிதான். காந்தியடிகளே அவரைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்று அழைத்தார் என்பர். அன்பால் எழுந்த சொல்லாக அது இருக்கலாம். ஆயினும் அச்சொல்லோடு நின்றுவிட்டவர்களுக்கு அஞ்சலையம்மாள் தெரியாமலே போய்விட்டார். 1857-இல் கொடுமை புரிந்த கர்னல் நீலின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்றக் கோரி 1927-இல் நடந்த போராட்டத்தில், சிறுமியாயிருந்த மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துச் சென்று சிறை புகுந்தவர் அவர். பின்னொரு முறை வேலூர்ச் சிறையில் நிறைசூலியாக இருந்து, மகப்பேற்றுக்காக வெளியே அனுப்பப்பட்டு, கைக்குழந்தையோடு மீண்டும் சிறைக்குத் திரும்பியவர். 1937-இல் சட்டமன்ற உறுப்பினரானவர். இவற்றில் எதற்கும் ஜான்சி நகரோடு தொடர்பில்லை. குதிரையேறி வாள் சுழற்றிய ஓர் அரசியின் உருவத்தை, சிறைக்குள் பிள்ளைக்குப் பாலூட்டிய ஓர் எளிய பெண்ணின் மேல் போர்த்தும்போது, அந்த எளிய பெண்ணின் தனிப் பெருமை மறைந்துபோகிறது. வாளேந்தாத அவரது துணிவை அளக்க அந்தப் பட்டத்தில் அளவுகோல் இல்லை.

2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த ஒரு புதிய கட்சியின் மாநாட்டில் வேலு நாச்சியாரின் உருவமும் அஞ்சலையம்மாளின் உருவமும் வானுயர நின்றன. கட்சிகள் பெண்களை முன்னோடிகளாக ஏற்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த உருவங்களின் நிழலில் நின்ற இளைஞர் ஒருவர் வீடு திரும்பி, இவர்கள் யார் என்று அறிய விரும்பினால், அவர் கையில் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு பக்கக் குறிப்புகளும், அவற்றைப் பார்த்து எழுதிய வேறு குறிப்புகளும்தான். வெட்டுருவம் உயர உயர, நூல் மெலிந்துகொண்டே போகிறது.

"முதல் பெண்" என்னும் முற்றுப்புள்ளி

பட்டத்துக்கு அடுத்த தடை, "முதல் பெண்" என்ற அடைமொழி. முதல் பெண் மருத்துவர், முதல் பெண் உறுப்பினர், முதல் பெண் அமைச்சர் என்ற பட்டியல்களைப் போட்டித் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவரைப் பார்க்கிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினர் என்று எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். அந்த அவையில் அவர் செய்தது என்ன, யாரை எதிர்த்தார், 1930-இல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் துறந்தபின் என்ன செய்தார் என்று கேட்டால் மதிப்பெண் இல்லை. எனவே விடையும் இல்லை. முதலாவதாக நுழைவது ஒரு நாள் நிகழ்ச்சி. நுழைந்தபின் மறுநாள் காலையில் தொடங்குவதுதான் வாழ்க்கை. அந்த மறுநாளை எழுதாதது வரலாறு ஆகாது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் நிலையைப் பாருங்கள். 1989 முதல் அவர் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் நடந்தது. 2022 முதல் அதே பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டம் நடைபெறுகிறது. ஆண்டுதோறும் எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பெயரைப் படிவத்தில் எழுதுகின்றன. படிவத்தை நிரப்பும் மாணவிக்கு, அந்தப் பெயருக்குரியவர் தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்தே கண்டு எதிர்த்துப் போராடியவர் என்பதோ, 1936-இல் அதைப் பற்றி நாவல் எழுதியவர் என்பதோ, 1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில் நடந்தவர் என்பதோ சொல்லப்படுவதுண்டா? எழுத்தாளர் பா. ஜீவசுந்தரி அரிதின் முயன்று அவரது வாழ்க்கையை நூலாக எழுதியிருக்கிறார். ஆம், முயன்றால் எழுத முடியும் என்பதற்கு அந்நூலே சான்று. பெயரை அரசாணையில் அச்சிட்டது போல, அந்த வாழ்க்கையை ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் வைத்திருக்க வேண்டாமா?

ஸ்டெல்லாவும் ஜோசபினும்

போரைப் பற்றிப் பேசுவோம். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போசுக்கு இருபது பெண்கள் துப்பாக்கி ஏந்தி மரியாதை அணிவகுப்பு நடத்தினர். அவர்களைத் திரட்டியவர் சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி. அதே ஆண்டு அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்தவருள் மிகப் பலர் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணைக் கண்ணால் கண்டிராத பெண்கள், அந்த மண்ணின் விடுதலைக்காகப் பயிற்சி பெற்று, 1944-இல் பர்மா வரை சென்றனர்.

எத்தனை பேர் சேர்ந்தனர்? ஆயிரம் என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. வேரா ஹில்டெபிராண்ட் என்னும் மேல்நாட்டு ஆய்வாளர், உயிரோடிருந்த முன்னாள் வீராங்கனைகளை நாடு நாடாகத் தேடிச் சென்று கேட்டறிந்து, 2016-இல் வெளியான தம் நூலில் ஏறத்தாழ 450 பேர் என்று கணக்கிட்டார். எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று சிலர் வருந்தலாம். நமக்கு வருத்தம் வேறு. நம் மொழி பேசிய அந்தப் பாட்டிமார்களின் கதவை நம் மொழியில் எழுதுவோர் எத்தனை பேர் தட்டினர் என்பதே அது.

அந்தப் படையைச் சேர்ந்த இருவர் 1945-இல் பர்மாவிலிருந்து பின்வாங்கி வரும் வழியில், அவர்கள் சென்ற இரயில் தாக்கப்பட்டபோது உயிர் துறந்தனர். ஒருவர் பெயர் ஸ்டெல்லா. மற்றவர் பெயர் ஜோசபின். இந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு இடும் பெயர்கள். நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் காணும் பெயர்கள். போர் நூல்களில் அவர்கள் வருவது ஒரு வாக்கியத்தில்தான். தளபதிகளுக்கு அத்தியாயங்கள், உயிரைக் கொடுத்த இரு பெண்களுக்கு ஒரு வாக்கியம்! வீரத்தைப் போற்றும் இனம் என்று மார்தட்டும் நாம் இந்தக் கணக்கை எந்த முகத்தோடு ஏற்பது?

பிழைத்து வந்தவர்களின் கதையும் படமாக உறைந்துவிட்டது. கேப்டன் லட்சுமி என்றவுடன் சீருடை அணிந்த இளம்பெண்ணின் படம் மட்டும் கண்முன் வருகிறது. அந்தச் சீருடை அவர் உடலில் இருந்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். அதற்குப்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். 2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றார். தொண்ணூறு வயதைக் கடந்தும் நோயாளிகளைப் பார்த்துவந்து, 2012-இல் மறைந்தார். இரண்டு ஆண்டுகளைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆண்டுகளை விட்டுவிடுவது எவ்வகை வரலாறு? அதே படையில் இருந்த இராசம்மா பூபாலன், பின்னாளில் ஆசிரியராகி, மலேசியாவில் ஆண் ஆசிரியருக்கு நிகரான ஊதியம் பெண் ஆசிரியருக்கும் வேண்டும் என்று சங்கம் அமைத்துப் போராடினார். துப்பாக்கி பிடித்த கை சுண்ணக்கட்டி பிடித்தது. இரண்டிலும் ஒரே நெஞ்சுரம் இருந்தது. அவருக்கு ஆங்கிலத்தில் விரிவான வாழ்க்கை வரலாறு உண்டு. அவர் யாழ்ப்பாணத் தமிழ் வழியினர் என்பதால், தமிழிலும் அப்படியொரு நூலைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

சான்று இல்லை என்போருக்கு

இப்படி நாம் வாதிடும்போது மூன்று மறுப்புகள் எழுவதைக் கேட்கிறோம். முதல் மறுப்பு: எளிய பெண்களைப் பற்றிச் சான்றுகள் இல்லையே, எதை வைத்து எழுதுவது?

1431-ஆம் ஆண்டு மே 30 அன்று ரூவான் நகரில் ஜோன் ஆஃப் ஆர்க் தீயிலிடப்பட்டார். வயது ஏறத்தாழ 19. எழுதப் படிக்கத் தெரியாத நாட்டுப்புறப் பெண். கால் நூற்றாண்டுக்குப் பின் அந்தத் தீர்ப்பை மறு ஆய்வு செய்த திருச்சபை நீதிமன்றம், நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. அவருள் போர்த்தளபதிகள் இருந்தனர். அவரோடு ஒரே ஊரில் வளர்ந்த உழவரும் தோழியரும் இருந்தனர். அவர் வீட்டில் நூல் நூற்றதையும், வீட்டு வேலைகள் செய்ததையும், ஊரைவிட்டுப் போனபோது தோழி அழுததையும் அவர்கள் சொன்னார்கள்; எழுத்தர் எழுதிக்கொண்டனர். 1456-இல் பழைய தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சாட்சியங்கள் இன்றும் இருப்பதால்தான், ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்திய ஓர் ஏழைப் பெண்ணின் குழந்தைப் பருவம் கூட நமக்குத் தெரிகிறது. சான்று தானாக வந்து குவியவில்லை. ஊருக்குப் போய்க் கேட்டார்கள், ஆகவே கிடைத்தது. கேட்காதவர்கள் சான்று இல்லை என்று சொல்வது, வலை வீசாதவன் கடலில் மீன் இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது மறுப்பு நேர்மாறானது. சான்று எதற்கு? மக்கள் நம்புகிறார்கள், அது போதாதா என்பது. குயிலியின் கதையை எடுத்துக்கொள்வோம். வேலு நாச்சியாரின் படையைச் சேர்ந்த அப்பெண் தன் உடலில் தீ மூட்டிக்கொண்டு பகைவரின் ஆயுதக் கிடங்கை அழித்தாள் என்பது மக்கள் வழங்கும் செய்தி. அவருக்கு அரசு நினைவுச் சின்னமும் எழுப்பியுள்ளது. ஆனால் அவர் வரலாற்று மாந்தரா என்பதில் ஆய்வாளர் ஒருமித்த கருத்துக் கொண்டிலர். இதைச் சொன்னால் சிலர் சினம் கொள்கின்றனர். சினம் தேவையில்லை. செவிவழிச் செய்தியைச் செவிவழிச் செய்தி என்றும், ஆவணத்தை ஆவணம் என்றும் பிரித்து எழுதுவதால் எந்தப் பெண்ணின் பெருமையும் குறையாது. இரண்டையும் கலந்து எழுதும்போதுதான் தீங்கு விளைகிறது. ஒன்று பொய்யென்று மெய்ப்பிக்கப்படும் நாளில், மற்றவையும் பொய்யென்று தள்ள எதிரிக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. குயிலியின் ஒரு நாள் தியாகத்தை நூறு முறை பாடுகிறவர்கள், வேலு நாச்சியார் அடைக்கலத்தில் கழித்த எட்டு ஆண்டுகளைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்? எட்டு ஆண்டுகள் நம்பிக்கை குலையாமல் தூது அனுப்பி, துணை தேடி, ஆள் திரட்டி, கைம்பெண்ணாய் ஒரு மகளையும் வளர்த்த அந்தப் பொறுமையே அவரது பெரும் போர் என்பது நம் துணிபு. நாட்டை மீட்டபின் அதிகாரம் மருது சகோதரர் பக்கம் சாய்ந்தது எவ்வாறு என்பதும் அவர் வரலாற்றின் பகுதியே. தீயும் வாளும் இல்லாத இடங்களில் பாடகர்கள் மௌனமாகிறார்கள். வரலாற்றாசிரியர் அங்கேதான் பேசத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு: குறைகளையும் எழுதினால் அவர்கள் பெயருக்கு இழுக்கு அல்லவா? திருவனந்தபுரத்து இலத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஆனி மஸ்கரேனை நினைவுகூர்வோம். 1938-இல் திருவிதாங்கூர் மாநில காங்கிரசில் சேர்ந்து பலமுறை சிறை சென்றவர்; இந்திய அரசியலமைப்பை வகுத்த அவையில் இடம்பெற்ற 15 பெண்களுள் ஒருவர்; திருவிதாங்கூர்-கொச்சி அமைச்சரவையில் நல்வாழ்வுத் துறையை ஏற்றவர். குமரி மாவட்டமும் அன்று அந்த ஆட்சிக்குள்தான் இருந்தது. முதல் மக்களவைத் தேர்தலில் எக்கட்சியும் சாராமல் நின்று திருவனந்தபுரத்தில் வென்றார். 1957-இல் தோற்றார். 1963-இல் மறைந்தார். அவருடைய நாவன்மை பேர்பெற்றது. அதன் கடுமையும் பேர்பெற்றது. நாவை அடக்கத் தெரியவில்லை என்று காந்தியடிகளே அவருக்குக் கண்டித்து எழுதினார். அந்தக் கடிதத்தை மறைத்து அவர் வரலாற்றை எழுதலாம். அப்போது கிடைப்பது சாந்தமே உருவான ஒரு பதுமை. அந்த அம்மையார் பதுமையாக இருந்திருந்தால், திவானின் ஆட்சியை எதிர்த்து ஒரு நாள்கூட நின்றிருக்க மாட்டார். ஆண் தலைவர்களின் கோபத்தை அறச்சீற்றம் என்றும், பெண் தலைவர்களின் கோபத்தை மறைக்க வேண்டிய குறை என்றும் கருதும் பழக்கம் இந்த மறுப்பின் அடியில் ஒளிந்திருக்கிறது.

இதைவிடக் கடினமான கேள்விகளும் உண்டு. ஜான்சி ராணிப் படை யாருடைய துணையோடு நின்றது? ஜப்பானிய இராணுவத்தின் துணையோடு. அதே இராணுவம்தான் சயாம்-பர்மா இரயில் பாதை போடுவதற்காக அதே மலேயத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டு சென்றது. திரும்பி வராதவர் ஏராளம். தந்தையும் தமையனும் மரண இரயிலுக்குப் போன தோட்டத்திலிருந்து மகள் படைக்குப் போனாள் என்றால், அவள் நெஞ்சில் ஓடியது என்ன? நாட்டுப்பற்றா, பசியா, அடியும் வசவுமாய்க் கழிந்த தோட்ட வாழ்விலிருந்து தப்பும் வேட்கையா, எல்லாமுமா? பாராட்டுரையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. ஆனால் இக்கேள்வியைக் கேட்காமல் அந்தப் பெண்ணை மதிக்க முடியாது. ஐயமே இல்லாமல் சாவுக்கு நடந்த சிலையைவிட, ஐயங்களோடும் அச்சத்தோடும் முடிவெடுத்து நடந்த மனுஷியே நமக்கு வழிகாட்ட முடியும்.

இன்று செய்ய வேண்டியது

லூர்தம்மாள் சைமனின் துறையில் வேரூன்றிய ஊராட்சிக்கு இன்னொரு திருப்பம் பின்னர் வந்தது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016-இல் நிறைவேறிய சட்டத்தால் அது சரிபாதியாயிற்று. 1996-இல் முதன்முதலாக ஊராட்சித் தலைவியாகவும் உறுப்பினராகவும் நாற்காலியில் அமர்ந்த பெண்கள் இன்று முதியவர்கள். நாற்காலியே கொடுக்காமல் தரையில் உட்காரச் சொல்லப்பட்டவர்களும் அவர்களுள் உண்டு. கணவன் பெயரால் கையெழுத்திடும் பொம்மைகள் என்று அவர்களை எள்ளி நகையாடியது எளிது. மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி பொம்மையாக இருந்திருந்தால், 1997 ஏப்ரலில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டிருக்க மாட்டார். அவர் நெசவுத் தொழிலாளி. வாரிசு அரசியலின் நிழல் படாதவர். அவரைப் போல் கொல்லப்படாமல், ஆனால் அவரைப் போலவே போராடி, குழாயில் தண்ணீரும் இடுகாட்டுக்குப் பாதையும் வாங்கித் தந்துவிட்டு வீடு திரும்பிய பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். நாளைய "மறக்கப்பட்ட முன்னோடிகள்" அவர்களே. அவர்களை மறப்பதற்கு முன்பே எழுதும் வாய்ப்பு இன்னும் நம் கையில் இருக்கிறது.

ஆகவே வாசகரிடம் நாம் கேட்பது நன்கொடை அல்ல, சிலையும் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் நம் ஊர்களில் விழா மலர்கள் அச்சாகின்றன. முக்கால் பங்கு பக்கங்களை வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் நிரப்புகின்றன. தலைமை ஏற்ற ஆண்களின் படங்கள் வரிசையாய் வரும். பெண்கள் "நல்லுள்ளம் கொண்ட தாய்மார்கள்" என்ற தொடருக்குள் அடங்கிவிடுவர். அந்த மலரில் பத்துப் பக்கங்களை ஒதுக்குங்கள். உங்கள் ஊரில் மன்றத்தில் அமர்ந்த, மறியலில் நின்ற, சிறை சென்ற, கடல் கடந்து போர் முகாம் கண்ட ஒரு பெண்ணைத் தேடுங்கள். அவர் மறைந்துவிட்டால் மகளைக் கேளுங்கள். அண்டை வீட்டாரைக் கேளுங்கள். அவரோடு சண்டையிட்டவரையும் கேளுங்கள். கடிதம், படம், தீர்மானப் புத்தகம், தேர்தல் துண்டறிக்கை என எது கிடைத்தாலும் படியெடுத்து வையுங்கள். பங்கின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் புரட்டுங்கள். ஏழைப் பெண்ணின் பெயரை, அவள் பெற்றோரின் பெயரோடும் நாளோடும், மதிப்போடு எழுதி வைத்த ஏடுகள் இந்நாட்டில் மிகச் சிலவே. அவற்றுள் சில நம் மேசை அறைகளில் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. மலேயாவுக்குப் பிழைக்கப் போன குடும்பங்களின் வழியினர் நம் பங்குகளில் பலர். தாத்தாவின் தோட்டம் எது, அத்தையார் யார் யார், 1943-இல் அவர்கள் எங்கிருந்தனர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இந்த மாதமே கேட்டு எழுதுங்கள். கிடைத்ததை உள்ளபடி எழுதுங்கள். தெரியாத இடத்தை அணிமொழியால் நிரப்பாதீர்கள்.

அவ்வாறு ஒருவர் எழுதும் பத்துப் பக்கம், நூறு மேடைகளில் வழங்கப்படும் பட்டத்தைவிட நெடுநாள் வாழும். ஸ்டெல்லாவுக்கும் ஜோசபினுக்கும் இன்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை இரண்டாவது வாக்கியமாக்கும் ஒரு தாள், ஒரு படம், ஒரு பதிவு, நம் வீட்டுப் பழைய பெட்டி ஒன்றில் கிடக்கக்கூடும். பெட்டியைத் திறந்து பாருங்கள்.